பாப்பா முகத்தில் நாலு அம்பு

போன வருஷம் மே மாதக் கடைசி. திருப்பூரில் அனுப்பர்பாளையத்துக்குப் பக்கத்தில், நான் செக்கிங் வேலை பார்க்கும் சின்ன பனியன் கம்பெனியில் நடந்தது இது. சாயங்கால டீ நேரம். எல்லாம் சேர்த்து ரெண்டு நிமிஷம் இருந்தால் அதிகம். அந்த ரெண்டு நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்து வைத்த காரியம் உங்களுக்கு முழுசாகப் புரியும். எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமம். கல்யாணமான மூன்றாம் மாதமே, இனி மழையை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரு டிரங்குப் பெட்டியோடு திருப்பூர் பஸ் ஏறினோம். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோது ஒரு வீட்டம்மா, "தெக்கத்திக்காரங்களுக்கு ஊடு விடறதில்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

அப்போதெல்லாம் கம்பெனியில் நான் வாயைத் திறந்தால் போதும். "ஏத்தா... சொல்லுத்தா..." என்று என்னை மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். நான் நல்ல கறுப்பு வேறு. கரண்ட் போனால், "அக்கா எங்கீங்க இருக்குது? கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, பல்லைப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கலாம்" என்று ஒரு ஜோக். நானும் அவர்களோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, "ஆமாங்க... இல்லீங்க... சொல்லுங்க..." என்று பேசிப் பழகுவேன். ரெண்டே வருஷத்தில் அச்சு அசலாக இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன். ஊருக்குப் போனால் கூடப்பிறந்த அக்காவே, "என்னடி, கோயமுத்தூர்க்காரி கணக்கா இழுக்குற?" என்று கேலி செய்வாள். இதையெல்லாம் அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிழைக்க வந்த இடத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். தைத்து முடித்த பனியன், டீ-சர்ட் எல்லாம் எங்கள் டேபிளுக்கு வரும். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை, எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். தையல் பழுது என்றால் டெய்லரிடம் திரும்பிப் போகும். கறை என்றால் மூலையில் இருக்கிற கறை எடுக்கிற ரூமுக்குப் போகும். அங்கே ஒருவர் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, துப்பாக்கி மாதிரி இருக்கும், கரண்டில் ஓடும் ஒரு ஸ்ப்ரே கன்னால் அந்த இடத்தில் மருந்து அடிப்பார். நெடி மூக்கைப் பிய்க்கும். கறை போனதும் ஸ்டிக்கரை உரித்துவிட்டு என்னிடம் திருப்பி அனுப்புவார். நான் ஒரு தடவை பார்த்து, "பாஸ்!" என்று சத்தமாகச் சொல்லிப் பெட்டியில் போடுவேன். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒன்றுமில்லை. எனக்கு அது பழக்கம். என் வாய் சும்மாவே இருக்காது.

எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். யார் எந்த ஊர், என்ன பாஷை என்றெல்லாம் நாங்கள் கேட்டதில்லை. எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஹிந்திக்காரங்க" என்போம். அவர்களில் ஒரு பெண் ஓவர்லாக் மெஷினில் தைக்கிறாள். அஸ்ஸாம் பக்கம், மலையடிவாரத்து ஊர். ஹிந்தி அவளுக்கும் பாதிதான் தெரியும் என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. வந்த ரெண்டு வருஷத்தில் எங்களை மாதிரியே "ங்க" போட்டுத் தமிழ் பேசுவாள். நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிகைப் பூ. யாரும் அவளை அப்படி வரச் சொல்லவில்லை. "இப்பத்தான் பாக்கறதுக்கு நம்மூருப் பொண்ணாட்டம் இருக்கே" என்று நான் ஒரு நாள் பாராட்டினேன். அவள் சிரித்தாள்.

கோடை லீவில் எங்கள் கம்பெனியில் அம்மாக்களோடு குழந்தைகளும் வந்துவிடும். வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? ஓனரும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். இந்தப் பெண்ணும் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆறு வயசு. இங்கேயே கவர்மென்ட் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாம் கிளாஸ் முடித்தவள். தமிழ் தண்ணியாகப் பேசுவாள். வட்ட முகம், சின்ன மூக்கு, சிரித்தால் கண் ரெண்டும் கோடாகிவிடும். பார்த்த உடனே தூக்கிக் கொஞ்ச வேண்டும் போல இருக்கும்.

முதல் நாள் காலையில் அவளைப் பார்த்ததும் நான்தான் சொன்னேன். "அட, யாருங்க இது? சைனா பொம்மையாட்டம் இருக்குது!"

மத்தியானத்துக்குள் கம்பெனி முழுக்க அதுதான் பேர். சைனா பொம்மை. அவசரத்துக்கு வெறும் சைனா. பக்கத்து டேபிளில் செக்கிங் பார்க்கும் உள்ளூர் அக்கா, "ஏஞ்சாமி, மூக்கை ஊட்லயே வச்சுட்டு வந்துட்டயா?" என்று கேட்டு அவள் மூக்கைக் கிள்ளுவார். அவள் சிரித்தால், "கண்ணைத் தொறந்து பாரு கண்ணு, தூங்கீட்டயா?" என்பார்கள். எல்லாம் பாசம்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குழந்தையை வெறுத்தவர் அங்கே ஒருவரும் இல்லை. நான் தினமும் அவளுக்கு முறுக்கோ தேன் மிட்டாயோ வாங்கி வருவேன். அவளும் "பெரிம்மா, பெரிம்மா" என்று என் டேபிளை விட்டு நகர மாட்டாள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவும் மகளும் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த ரெண்டு பேர், "சிங் சாங் சூங்" என்று பேசிக் காட்ட, எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். அந்தப் பாப்பா எட்டி அவள் அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள். எங்களுக்கு அதுவும் வேடிக்கையாக இருந்தது. அதற்கும் சிரித்தோம்.

குழந்தை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று, மிச்சமிருந்த அம்பு ஸ்டிக்கர் ஷீட் ஒன்றை அவளுக்கு விளையாடக் கொடுத்தேன். கூடவே நாலைந்து வேஸ்ட் பீஸ். கெட்டிக்காரி. ரெண்டு நாளில் சரியான இடத்தில் ஒட்டப் பழகிவிட்டாள். "பெரிம்மா, இங்க ஓட்டை" என்பாள். பார்த்தால் நிஜமாகவே ஊசித் துளை இருக்கும். "வருங்காலச் செக்கருங்க இது" என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

"பெரிம்மா, ஸ்டிக்கர் ஒட்டுனா அந்தப் பீஸை என்ன பண்ணுவாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கறையா இருந்தா அந்த ரூமுக்குப் போகும் கண்ணு. மருந்து அடிச்சாப் போயிரும். அப்புறம் பாஸ்."

"போகலைன்னா?"

"போகலைன்னா செகண்ட்ஸ். காதர்பேட்டையில குமிச்சுப் போட்டு மலிவா வித்துருவாங்க."

அவள் ரொம்ப நேரம் அந்த ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை தலைக்கு மேலே கிடந்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வாரமாக அவளிடம் ஒரு மாற்றம். சிரிக்க மாட்டேன் என்கிறாள். சிரிப்பு வந்தால் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணை முடிந்த மட்டும் அகலமாக விரிக்கிறாள். "ஏனுங்க, உங்க பொம்மை ஆந்தையாட்டம் முழிக்குது?" என்று பக்கத்து அக்கா கேட்டார். அதற்கும் நான் சிரித்தேன். கண்ணெதிரே நடந்தது. என் வேலையே உற்றுப் பார்ப்பது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை பாருங்கள்!

அந்த நாளுக்கு வருகிறேன். மறுநாள் ஷிப்மென்ட். காலையிலிருந்து நிமிரவில்லை. சாயங்காலம் டீ பெல் அடித்ததும் எல்லோரும் வெளியே ஓடினோம். கேட் வரைக்கும் போனவள் மூக்குக் கண்ணாடியை டேபிளிலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பினேன். யாராவது மேலே துணியைப் போட்டு உடைத்துவிட்டால் தண்டச் செலவு. அந்தக் கண்ணாடிக்கு இன்றைக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.

உள்ளே ஒருவரும் இல்லை. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். கறை எடுக்கிற ரூம் கதவு பாதி திறந்திருந்தது. அந்த ஆள் பூட்டாமலே டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்து, கதவைச் சாத்தப் போனேன்.

உள்ளே பாப்பா.

ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். அவர் வைத்துவிட்டுப் போன மாஸ்க் அவள் கழுத்தில் தொங்கியது. அவர் கையுறையில் ஒன்று அவள் வலது கையில், முழங்கை வரைக்கும். அந்த ஸ்ப்ரே கன்னை ரெண்டு கையாலும் பிடித்து, அதன் வாயைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தாள். கன்னின் சுவிட்சை அந்த ஆள் அணைக்காமலே போயிருந்தார். அவள் முகத்தில் என் சிவப்பு ஸ்டிக்கர் நாலு. ரெண்டு கண் ஓரத்திலும் கண்ணைக் காட்டி ஒவ்வொன்று. மூக்கின் மேல் ஒன்று. கன்னத்தில், வாயைக் காட்டி ஒன்று. கண்ணை மூடவில்லை. மருந்து சரியாகப் பட வேண்டும் என்று விரித்து வைத்திருந்தாள். விரல் எட்டாமல், ரெண்டு கட்டை விரலையும் சேர்த்து விசையை அழுத்த முயற்சி செய்துகொண்டிருந்தாள்.

பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தால், எனக்கு அவள் பேர் தெரியாது. மூன்று வாரமாக என் டேபிளில் கிடக்கிற குழந்தையின் பேர் எனக்குத் தெரியாது! "சைனா" என்றுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அது வெளியே வரவில்லை. அதற்குப் பதில் வந்தது வேறு.

"ஏய்! அடிக்காத புள்ள! ஏத்தா... வேணாந்தா... கீழ வச்சிருத்தா! என்னப் பெத்த ஆத்தா, கீழ வச்சிரு!"

இருபது வருஷமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பேச்சு. தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பிய வேகத்தில் விரல் விசையை அமுக்கிவிட்டது. மருந்து பீய்ச்சிக்கொண்டு வந்து, பாய்ந்த என் முழங்கையில் அடித்தது. முதலில் ஜில்லென்று இருந்து, அப்புறம் எரிந்தது. நான் கன்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். அவள் முகத்தில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை என்று தெரிந்த பிறகும் நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தேன். வலது கண் ஓரத்து ஸ்டிக்கரோடு ரெண்டு இமை முடியும் வந்தது. அவள் அழவில்லை. விறைப்பாக நின்றாள். டேபிளில் விரித்து வைத்த பீஸ் மாதிரி அசையாமல் நின்றாள்.

"என்ன கண்ணு பண்ணினே? ஏன் கண்ணு இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் டேமேஜ், பெரிம்மா" என்றாள். கணக்கு டீச்சருக்குப் பதில் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "மருந்து அடிச்சாப் போயிரும்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் நான் பாஸ்தானுங்க?"

என் ஏப்ரன் பாக்கெட்டில் அதே அம்பு ஸ்டிக்கர் ஷீட், பாதி தீர்ந்தது, இருந்தது. அதைத் தொடக் கை கூசியது.

அதற்குள் என் கத்தல் கேட்டு எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். அவள் அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். மருந்து நெடி, ஈர முகம், கீழே கிடந்த ஸ்டிக்கர், என் சிவந்த முழங்கை, எல்லாவற்றையும் பார்த்தாள். மகளின் கண் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடுத்த நொடி அவளை மார்போடு இறுக்கிக்கொண்டு, அவர்கள் பாஷையில் என்னென்னவோ சொல்லிக் கதறினாள். கம்பெனியில் அவள் அந்தப் பாஷையில் குரல் எடுத்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாப்பா தன் ஈரக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். "தமிழ்ல பேசும்மா" என்றாள். "எல்லாரும் பாக்கறாங்க."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டிபன் பையை எடுத்துக்கொண்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கொழந்தைங்க வெளையாட்டுக்கு ஏதோ பண்ணுதுங்க, அதுக்கு ஏனுங்க இப்படி நடுங்கறீங்க?" என்று பக்கத்து அக்கா என் முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். ஓனர் வந்து, நாளையிலிருந்து குழந்தைகளைக் கூட்டி வரக் கூடாது என்று கத்தினார். கறை எடுக்கிற ரூமுக்குப் புதுப் பூட்டு வந்தது. கம்பெனியைப் பொறுத்தவரை அத்தோடு விஷயம் முடிந்தது. ஷிப்மென்ட்டும் போய்விட்டது.

அந்தப் பெண் மூன்று நாளாகியும் வேலைக்கு வரவில்லை. கண்ணை மூடினால் அந்த விரித்து வைத்த கண். ஞாயிற்றுக்கிழமை காலையில் விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வரிசையாகப் பத்து ரூம், எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். அவள் கதவைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் டையிங் வேலைக்குப் போயிருந்தார். "வாங்கக்கா" என்றாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த "வாங்க" மட்டும் தவறவில்லை. நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவள்.

நெற்றியில் பொட்டு இல்லை. தலையில் பூ இல்லை. பால் ஊற்றாத சிவப்பு டீ கொண்டு வந்து வைத்தாள். சுவரில் பாப்பா வரைந்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. அம்மா, அப்பா, நடுவில் ஒரு சின்னப் பெண். மூன்று பேருக்கும் முகத்தில் பாதி இடத்தைக் கண்ணே அடைத்திருந்தது. தட்டு மாதிரிக் கண். மூக்கு நீளமாகக் கீழே வரைக்கும் வந்திருந்தது. அதில் ஒருவர்கூட அந்த வீட்டு ஆட்களாகத் தெரியவில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா, நான்தான் அந்தப் பேரை..." என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"நானும்தானுங்க அக்கா சிரிச்சேன்" என்றாள். "நீங்க சைனா பொம்மைங்கறப்பல்லாம் நானும் சிரிச்சேனுங்க. சிரிக்கலைன்னா திமிர் புடிச்சவன்னு சொல்லீருவாங்கன்னு பயம். அவ உங்களைப் பாக்கலீங்க அக்கா. என்னையத்தான் பாத்துட்டு இருந்திருக்கறா. அம்மாவே சிரிக்கறா, அப்ப நெசம்தான்னு நெனச்சுட்டா."

டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவளே சொன்னாள். "ஊருக்கு போன் போட்டா எங்கம்மாகூடப் பேச மாட்டேங்கறாளுங்க. அவங்க எங்க பேச்சுல கேட்டா இவ தமிழ்ல பதில் சொல்றா. அவங்களுக்கு ஒண்ணும் புரியறதில்ல. எம்பேத்தி என்னடி சொல்றான்னு என்னையக் கேட்டு அழறாங்க."

நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நானும்தான் சிரித்தேன், என்கிறாள். கரண்ட் போனபோது என் பல்லைத் தேடிச் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தேனே, அந்தச் சிரிப்பு. வலி என்றால் என்ன என்று தெரியாதவள் செய்திருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவள் நான்.

அப்போது உள்ளே பீரோ மறைவிலிருந்து பாப்பா எட்டிப் பார்த்தாள். வலது கண் இமையில் ரெண்டு முடி இல்லாத இடம் தெரிந்தது. மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உம் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள். ஆற்றின் பேராம் அது, அவர்கள் ஊர் ஆறு. எனக்கு முதல் தடவை சரியாக வரவில்லை. ரெண்டாவது தடவையும் வரவில்லை. நாலாவது தடவை சரியாகச் சொன்னேன். அவள் "ம்" என்றாள்.

அப்புறம் அவள் கேட்டாள். "பெரிம்மா, அன்னிக்கு என்னைய எந்தப் பாஷைல கத்துனீங்க?"

"அது தமிழ்தான் கண்ணு. எங்க ஊர்த் தமிழ்."

"நீங்க இந்த ஊரில்லைங்களா?"

"இல்லத்தா" என்றேன். அந்த "த்தா" தானாக வந்தது. "நானும் வேற ஊர்ல இருந்து வந்தவதான்."

"அப்புறம் ஏன் எப்பவும் அப்படிப் பேச மாட்டீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "பேசினா சிரிப்பாங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். கையை நீட்டி என் வாய் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். அவள் கன்னத்தில் நாலாவது ஸ்டிக்கர் இருந்ததே, சரியாக அதே இடம்.

"உங்களுக்கும் இங்க ஒட்டீட்டாங்களா, பெரிம்மா?"

அங்கேயே நான் உடைந்துவிட்டேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் அம்மாவும் அழுதாள். பாப்பா மட்டும் பயந்துபோய் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் வேலைக்கு வந்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து பாப்பா ரெண்டாம் கிளாஸுக்குப் போனாள். அந்தப் பெண் வேலைக்குத் திரும்பி வந்த அன்றே பக்கத்து அக்கா, "ஏனுங்க, நம்ம சைனா பொம்மை எப்படி இருக்குது?" என்று கேட்டார். "அந்தப் புள்ளைக்குப் பேரு இருக்குத்தா, பேரைச் சொல்லிக் கேளு" என்று நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே போட்டு உடைத்தேன். டேபிளில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "அக்கா, இத்தன வருசமா இந்தப் பேச்சை எங்கீங்க வச்சிருந்தீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். பக்கத்து அக்கா முகம் சுருங்கி, ரெண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "அந்தப் பேரு என்னமோ சொன்னீங்களே, இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். தையல் பக்கத்தில் இன்றைக்கும் சிலர் அவளை "சைனா அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் வைத்த பேர், நான் போகச் சொன்னால் போக மாட்டேன் என்கிறது. பாப்பா இப்போது ஊருக்குப் போனில் ரெண்டொரு வார்த்தை அவர்கள் பேச்சில் பேசுகிறாளாம். சிரிக்கிறாளா என்று கேட்டேன். "சில சமயமுங்க" என்றாள் அவள் அம்மா.

நான் அதே டேபிளில் அதே வேலைதான் பார்க்கிறேன். "பாஸ்" என்று சத்தமாகச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு சிவப்பு அம்பை ஷீட்டிலிருந்து உரிக்கும்போதும் என் கை ஒரு நொடி நிற்கிறது. யாரோ எந்தக் காலத்திலோ என் வாயில் ஒட்டியதை உரித்து எறியத் தைரியமில்லாமல், அதையே எடுத்து ஒரு ஆறு வயசுக் குழந்தையின் முகத்தில் ஒட்டினவள் நான் என்ற நினைப்பு, முழங்கையில் மங்கிப்போன அந்தத் தழும்பைவிட ஆழமாக எனக்குள் எரிந்துகொண்டிருக்கிறது.